ஐந்தாம் வகுப்புக்கு வைத்த முளைப்பாரி

வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவது ஒரு பங்கு என்றால், இன்ஸ்பெக்டர் வருவாரே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மூன்று பங்கு. இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொழிலில் இல்லாதவர்களும் தப்பியிருக்க மாட்டீர்கள். "டீச்சர் என்னமோ செஞ்சு கொண்டாரச் சொன்னாங்க, நாளைக்கே வேணும்" என்று ஒரு குழந்தை சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து உங்களையும் ஒரு நாள் மிரட்டியிருக்கும். ஆக, நம் எல்லோருக்கும் ஒரே தலைவலிதான்.

மேட்டூரில் அணை கட்டி முடித்திருந்த சமயம். நான் சேலம் டவுனில் வளர்ந்தவள். ட்ரெயினிங் முடித்த கையோடு முதல் வேலை கிடைத்தது. நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, சோளக்காட்டு வழியே இரண்டு மைல் நடந்தால் அந்த ஊர் வரும். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதில் வருகிறவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகள் எனக்கு இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அதைக் கெடுத்துக்கொள்ள மனசில்லை. பள்ளிக்கூடம் என்பது நீளமான ஒரு கூரைக் கொட்டகை. ஒன்று முதல் நாலு வகுப்பு வரை. வாத்தியார்கள் இரண்டு பேர்: பெரிய வாத்தியார் என்று ஊரே அழைத்த தலைமையாசிரியர் ஒருவர், நான் ஒருத்தி.

சிலந்திக்கு எத்தனை கால்?

அந்தப் பக்கத்துக்கு வந்த டெப்டி இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே எங்களுக்குப் பயம் அதிகம். நாலாம் வகுப்பில் இயற்கைப் பாடம் கேட்க ஆரம்பித்தார். சிலந்திக்கு எத்தனை கால் என்றார். செங்கோடன் என்ற பையன் விருட்டென்று எழுந்து எட்டு என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டெப்டி தலையை நிமிர்த்திக் கூரை மூலையைப் பார்த்தார். அங்கே நிஜமாகவே ஒரு சிலந்தி தொங்கிக்கொண்டிருந்தது. "அதோ இருக்கிறதே, என்றைக்காவது எண்ணிப் பார்த்தாயா?" என்று கேட்டார். "இல்லீங்க, புஸ்தகத்துலயே எட்டுன்னு அச்சுப் போட்டிருக்குதுங்க" என்றான் செங்கோடன்.

அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பு வேண்டும் என்று நாங்கள் கொடுத்திருந்த மனுவை மடித்து ஓரமாக வைத்தார். பார்வைப் புத்தகத்தில் நாலு வரி எழுதினார். நாலாம் வகுப்பில் இருக்கும் பதினொரு குழந்தைகளும் ஆளுக்கு ஒன்றை ஒரு வாரமாவது சொந்தக் கண்ணால் பார்த்து, அடுத்த தடவை தன்னிடம் காட்டிச் சொல்ல வேண்டுமாம். பதினொரு பேரும் சொன்னால் ஐந்தாம் வகுப்புக்கு உத்தரவு. ஒருவர் குறைந்தாலும் இந்த வருஷம் கிடையாது. அவர் வண்டி கண் மறைந்ததும் பெரிய வாத்தியார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "உயிரோட இருக்கறது ஒண்ணும் வேண்டாமுங்கம்மா. ஓடாத பொருளாப் பார்த்துச் சொல்லிக் கொடுங்க."

பாவாயியின் அப்பா

ஐந்தாம் வகுப்பு எங்கள் கௌரவத்துக்காகக் கேட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நாலு முடித்த பையன்கள் மூன்று மைல் நடந்து வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். பெண்களை யாரும் அனுப்புவதில்லை. அந்த வருஷம் நாலாம் வகுப்பில் நாலு பெண்கள். அதில் பாவாயி என்ற ஒன்பது வயதுக் குழந்தை என் உயிரை வாங்குகிறவள். எதைச் சொல்லிக் கொடுத்தாலும் "ஏனுங்க?" என்று கேட்பாள். பதில் சொன்னால் அதற்கும் ஒரு "ஏனுங்க?" உண்டு. மற்றக் குழந்தைகளுக்கு நான் ஒரு நாளில் நடத்திய பாடத்தை அவளுக்காக இரண்டு நாள் நடத்தியிருக்கிறேன். அவள் போய்விட்டால் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றிய நாட்களும் உண்டு; ஆனால் போய்விடுவாள் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் அப்பா பழனியப்பன் நல்ல மனிதர். முப்பது நாற்பது ஆடு வைத்திருந்தார். நான் வீட்டுக்குப் போனதும் கயிற்றுக் கட்டிலை உதறிப் போட்டு, மோர் கொடுத்து, நான் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார். மேலே படிக்க வையுங்கள் என்று கேட்டேன். யோசித்தார். கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "நம்மூருலயே அஞ்சாங்கிளாசு இருந்தா வரட்டுமுங்க, நானொண்ணும் வேண்டாங்கலை. இல்லாட்டிப் போனா ஆட்டுக்குப் போவட்டும்; அதுக்கும் ஒரு ஆளு வேணுமில்லீங்களா அம்முணி?"

பதினெட்டுக் குட்டி

முதலில் பொருள் தேர்ந்தெடுத்தவன் செங்கோடன். சிலந்தி அவமானத்தை அவன் மறக்கவில்லை. ஒரு விளக்கெண்ணெய் சீசாவைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். உள்ளே ஒரு பெருந்தேள். அதன் முதுகு முழுக்க அரிசிப் பொரி மாதிரி வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். அத்தனையும் குட்டிகள். "பொறந்ததும் அம்மா முதுகுல ஏறிக்குதுங்க டீச்சர். தள்ளி வுட்டாலும் திரும்பி ஏறிக்குது" என்றான். எதை வைத்துத் தள்ளினாய் என்று கேட்கவில்லை. சில பதில்களைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே வாத்தியாருக்கு நல்லது.

சீசா வாயில் துணி கட்டியிருந்தான். அது அவன் சட்டையிலிருந்து கிழித்த துணி, ஓட்டை இருந்தது. பெரிய வாத்தியார் அந்த வழியாக வந்தவர், சீசாவைப் பார்த்ததும் பெஞ்சு மேல் ஏறி நின்றுவிட்டார். அங்கிருந்தே பாடம் நடத்தப் போகிறவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, அதை வெளியே எடுத்துப் போகும்படி சொன்னார். செங்கோடன் மட்டும் அசையவில்லை. சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரல் நீட்டி எண்ணினான். மறுபடியும் எண்ணினான். "ஊட்டுல எண்ணிப்போட்டுத்தான் கொண்டாந்தனுங்க டீச்சர், பதினெட்டு. இப்பப் பதினேழுதான் இருக்குது."

மாப்பிள்ளை விருந்து

மாராயிக்கு நான்தான் பொருள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவள் வீட்டில் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. தினமும் சுவரில் ஒரு கரிக்கோடு போடு, எத்தனை கோட்டில் குஞ்சு வருகிறது என்று பார், கோழி எப்போது எழுந்து போகிறது, முட்டையை எப்போது புரட்டுகிறது என்று கவனி என்றேன். சமர்த்தாகச் செய்தாள். இரண்டு வாரம் எனக்கு அவளைப் பற்றிக் கவலையே இல்லை. பதினாறாம் கோடு அன்று அழுதுகொண்டு வந்தாள். முந்தின நாள் அவளுடைய அக்கா வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். வீட்டில் வேறு கோழி இல்லை.

நான் ஓட்டமும் நடையுமாகப் போனேன். முட்டைகள் பிழைத்திருந்தன; பக்கத்து வீட்டில் அடைக்கு உட்கார்ந்திருந்த இன்னொரு கோழியின் கீழே சூடு ஆறுவதற்குள் தள்ளியிருந்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் ஐந்து நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று மாராயியின் அம்மாவிடம் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அந்த அம்மாள் அம்மியைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார்: "மாப்பிள்ளைக்குப் பருப்பு ஊத்தி அனுப்பினா ஊரு என்னங்க பேசும்? பாடத்தை ரெண்டாவது கோழியில படிச்சுக்கட்டும் டீச்சரம்மா."

நான் மாடுங்க

தச்சாசாரி மகன் முத்துசாமி ஒரு நாள், மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலை ஏற்றத்தையே தூக்கிக்கொண்டு வந்தான். முழ உயரத்தில் ஒரு பொம்மைக் கிணறு. மேலே உருளை, கயிறு, தோல் பறி, மாடு இறங்கிப் போகும் சரிவு எல்லாம் அளவு பிசகாமல் இருந்தது. கயிற்றை இழுத்தால் பறி தண்ணீரோடு மேலே வந்து வாய்க்காலில் கவிழ்ந்தது. பெரிய வாத்தியாருக்கு ஆனந்தம், ஓடாத பொருள். எனக்குத்தான் சந்தேகம் தட்டியது. ஒரு ஒன்பது வயசுப் பையன் உளி பிடித்து அந்த உருளையைக் கடைந்திருக்க முடியாது. அப்பாக்கள் மகனின் பாடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் யார் தடுப்பது? நீங்களும் தடுத்துப் பார்த்திருப்பீர்கள்.

டெப்டி கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிடலாம் என்று, இதில் நீ செய்தது என்ன என்றேன். பையன் கூசவே இல்லை. பொம்மைக்குச் சரிவும் கயிறும் எந்த அளவில் வைப்பது என்று பார்க்க, அப்பா எட்டு நாள் சாயங்காலம் அவன் கழுத்தில் கயிற்றைக் கட்டி நிஜக் கிணற்றுச் சரிவில் சின்னப் பறியை இழுக்கவிட்டிருக்கிறார். எட்டு நாளும் அவன் கவனித்ததை ஒரே மூச்சில் சொன்னான். அதற்குப் பிறகு அவனைப் பற்றிய கவலையை விட்டேன். "செஞ்சது அப்பனுங்க, நான் மாடுங்க. எறங்கறப்ப நம்ம கனமும் சேந்து இழுக்குது, சுளுவா இருக்குது. பின்னாலயே நடந்து மேல வாரப்பத்தானுங்க டீச்சர், முட்டி உட்டுப்போவுது."

எல்லாத்துக்கும் தெரியுமுங்களே

இப்படி ஒவ்வொருவராகப் பத்துப் பேர் தேறிவிட்டார்கள். எருக்கஞ்செடிப் புழு கூடு கட்டுவதை ஒருத்தி பார்த்தாள். எறும்பு எந்த வழியில் போகிறது என்று ஒருவன் ஒரு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தான். பாக்கி பாவாயி. இன்ஸ்பெக்டர் வருவதாகக் கடிதம் வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஆட்டுக்குட்டி வளர்வதைப் பார் என்றேன். "அது எல்லாத்துக்கும் தெரியுமுங்களே" என்றாள். பால் தயிராவதைப் பார்? அதுவும் எல்லோருக்கும் தெரியுமாம். நிழல் காலையில் நீண்டு மத்தியானம் குறுகுகிறதே, அதை அளந்து பாரேன்? "ஆடு மேய்க்கறவங்க அத்தனை பேருக்கும் தெரியுமுங்க."

எனக்குப் பொறுமை போய்விட்டது. அவளுக்காகத்தான் இவ்வளவும், அவளோ இப்படி. அன்றைக்கு அவளைக் கடிந்துகொண்டேன். உன் ஒருத்தியால் பத்துப் பேர் பாடுபட்டதும் வீணாகப் போகும், நீ ஆட்டுக்குத்தான் போகப் போகிறாய் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அவள் அழவில்லை. சிலேட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "தெரிஞ்சதையே எதுக்குங்க டீச்சர் ஒரு வாரம் பாக்கோணும்?"

மூடாமல் வைத்தால்?

இரண்டு நாள் கழித்து அவளாகவே வந்தாள். மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஊரில் நோம்பிக்கு வீட்டுக்கு வீடு முளைப்பாரி வைப்பார்கள். சட்டியில் எருவும் மண்ணும் பரப்பி, சோளமும் தட்டைப்பயறும் தூவி, இருட்டறையில் மூடி வைத்துவிடுவார்கள். மூடியைத் திறந்து தண்ணீர் தெளிக்கிறவரைத் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது. எட்டாம் நாள் பயிர் முழ உயரத்துக்கு மஞ்சளாக எழும்பி நிற்கும். உயரமாக வந்தால் அந்த வருஷம் வெள்ளாமை நன்றாக இருக்கும். ஏன் மூட வேண்டும் என்று பாவாயி வீட்டில் கேட்டிருக்கிறாள். கண்ணு பட்டுவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். மூடாமல் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறாள். வாயிலேயே ஒன்று வைத்திருக்கிறார்கள்.

நான் ட்ரெயினிங்கில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி மனப்பாடம் செய்ததை இந்தக் குழந்தை அடி வாங்கிக் கேட்டிருக்கிறாள். பதிலை நான் சொல்லவில்லை. இரண்டு சட்டி எடு, இரண்டிலும் ஒரே மண், எண்ணிப் பத்துப் பத்து விதை, ஒரே அளவு தண்ணீர் என்றேன். ஒன்றை மூடி அவள் வீட்டு இருட்டறையில் வைப்பது. எங்கள் கொட்டகையில் இருட்டான இடமே கிடையாது. இன்னொன்று பள்ளிக்கூடத்து வாசல் கட்டைச்சுவரில், வெயிலில். தினமும் ஒரு விளக்குமாற்றுக் குச்சியைப் பயிரின் பக்கத்தில் நிறுத்தி, நகத்தால் கீறி உயரம் குறித்துக்கொள்ள வேண்டும். சட்டிக்கு ஒரு குச்சி. பெரிய வாத்தியார் வெயில் சட்டியைச் சுற்றி முள் வைத்துக் கட்டி, ஆடு வருகிறதா என்று நாள் முழுவதும் காவல் இருந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை: "இதுதானுங்கம்மா பொருள். கடிக்காது, கொத்தாது, வெச்ச எடத்துலயே இருக்குது!"

கும்மி

டெப்டி வருவது புதன்கிழமை. திங்கட்கிழமை சாயங்காலம் பாவாயியின் அத்தை செல்லம்மாள் என்னை அழைத்துவர ஆள் அனுப்பினார். போனால், வாசல் மெழுகிக் கோலம் போட்டிருக்கிறது. நடுவில் மணைப் பலகை; அதன் மேல் பாவாயியின் மூடிய சட்டி. மூடியை எடுத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, பூச் சுற்றியிருந்தார்கள். பயிர் வெளிறிய மஞ்சளில் முழ உயரம் நின்றது. தெருப் பெண்கள் இருபது முப்பது பேர் சுற்றி நின்றார்கள். நடந்தது இதுதான்: செல்லம்மாள் தானியம் எடுக்க இருட்டறைக்குப் போயிருக்கிறார். நோம்பி முடிந்த பிறகு இது ஏது முளைப்பாரி என்று பாவாயியைக் கேட்டிருக்கிறார். அவள் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள். டீச்சர் வைக்கச் சொன்னார்கள், நம் ஊருக்கு ஐந்தாம் வகுப்பு வருவதற்காக வைத்தது என்று. இதை வேண்டுதல் என்று நினைக்காமல் வேறு என்னவென்று நினைப்பார்கள்?

பாடத்துக்கு வைத்ததம்மா என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஆமாம், பாடத்துக்குத்தானே வேண்டிக்கொண்டீர்கள் என்று நாலு பேர் சேர்ந்து தலையாட்டினார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். தங்கள் பெண்கள் படிப்பதற்காக ஒரு டவுன்காரி மாரியாத்தாளிடம் போய் நின்றாள் என்று அத்தனை பேர் முகத்திலும் ஒரு பிரியம். என்னையும் வட்டத்துக்குள் இழுத்தார்கள். இயற்கைப் பாடத்துக்கு வைத்த சட்டியைச் சுற்றிச் சுற்றி நான் கும்மியடித்தேன். தாளம் தப்பியது வேறு. பாவாயி ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் செல்லம்மாள் என் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்குச் செவ்வாக்கெழமை, கெணத்துல கரைச்சுப்போடலாமுங்க டீச்சரம்மா. ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க, ஆத்தா குடுத்துருவா."

கிணற்றடி

புதன் வரைக்கும் சட்டியைக் காப்பாற்ற என்னால் ஆனதெல்லாம் செய்தேன். ஒரு நாள் தள்ளிக் கரைக்கலாமே என்றேன். கும்மி அடித்த முளைப்பாரியைச் செவ்வாய் தாண்டி வீட்டில் வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்றார்கள். பழனியப்பனிடம் போனேன். அவர் ஆட்டுப்பட்டியைக் கட்டிக்கொண்டே, பெண்டுகள் சமாசாரத்தில் நான் தலையிடுவதில்லை என்று சொல்லிவிட்டார். பாவாயியை விட்டு இரண்டு பயிர் பிடுங்கி வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். சாமிக்கு வைத்ததைக் குழந்தை பிடுங்கினாள் என்றால், நாளைக்கு ஐந்தாம் வகுப்பு வந்தாலும் அவளை அனுப்ப மாட்டார்கள்.

செவ்வாய் சாயங்காலம் குலவையோடு ஊர்வலம் போய், என் கண் முன்னால் சட்டியைத் தோட்டத்துக் கிணற்றில் இறக்கினார்கள். மஞ்சள் பயிர் கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு மண் கரைந்து முழுகிவிட்டது. ஒரு வருஷம் போச்சு, இந்தக் குழந்தையும் போச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பாவாயி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கையில் இரண்டு விளக்குமாற்றுக் குச்சிகள் இருந்தன. "குச்சியைக் கரைக்கோணும்னு யாரும் சொல்லலீங்களே டீச்சர்?"

டெப்டி வந்த நாள்

புதன்கிழமை டெப்டி வந்து உட்கார்ந்ததும், பள்ளிக்கூட வாசலில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நிற்க ஆரம்பித்தார்கள். வேண்டுதல் பலித்ததா என்று பார்க்க வந்தவர்கள். செல்லம்மாள் முன்னால் நின்றார். டெப்டி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். செங்கோடன் தேளைக் காட்டினான். பதினெட்டில் ஒன்று இந்தக் கொட்டகையில்தான் எங்கோ இருக்கிறது என்று உண்மையைச் சொன்னான். டெப்டி காலைத் தூக்கி நாற்காலிச் சட்டத்தில் வைத்துக்கொண்டார். மாராயி இருபத்தொரு கோடு, இரண்டு கோழி, ஆறு குஞ்சு என்றாள். முத்துசாமி முட்டி வலியைச் சொன்னான். பத்துப் பேர் பெயருக்கு எதிரேயும் டெப்டியின் பேனா ஒரு கோடு இழுத்தது. கடைசியில் பாவாயி வெயில் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பயிர் ஒரு சாண் உயரம்தான். குட்டையாக, தடித்து, கரும்பச்சையாக இருந்தது.

இது வெயிலில் வைத்தது, இன்னொன்று மூடி வைத்தது, அது மஞ்சளாக வந்தது என்று அவள் சொன்னாள். "அந்தச் சட்டி எங்கே?" என்று டெப்டி கேட்டார். "கெணத்துல கரைச்சுப்போட்டாங்க" என்று வாசலைக் காட்டினாள். பெரிய வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். பாவாயி குச்சிகளை நீட்டினாள். எட்டு நாளைக்கு எட்டுக் கீறல். முதல் இரண்டு நாள் இரண்டும் ஒரே உயரம். அதற்குப் பிறகு மூடிய சட்டியின் குச்சி எட்டி எட்டிப் போயிருந்தது. டெப்டி நகக்கீறல்களை விரலால் தடவிப் பார்த்தார். "உயரம் சரி. மஞ்சளாக இருந்தது என்று நான் எப்படி நம்புவது?" என்றார். வாசலிலிருந்து செல்லம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "மூடி வெச்சா மஞ்சளாத்தானுங்க சாமி வரும்! எங்காத்தா காலத்துலருந்து அப்பிடித்தான். இவங்களைக் கேளுங்க!" என்றார். முப்பது பெண்களும் ஆமாங்க என்றார்கள். அந்தச் சத்தத்தில் கூரை ஓலை அசைந்திருக்கும். அப்போதுதான் செல்லம்மாள் பச்சைச் சட்டியைப் பார்த்தார். உள்ளே வந்து குனிந்து, பயந்து பயந்து ஒரு இலையைத் தொட்டார். "மூடாம வெச்சும் ஒண்ணும் ஆவலையே! எப்பிடிக் கொழுகொழுன்னு நிக்குது பாரு!" என்றார் தனக்குள்.

டெப்டி பேனாவைக் கீழே வைத்தார். "பாப்பா, மூடி வைத்தால் மஞ்சளாக வரும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதே. நீ புதிதாக எதைப் பார்த்தாய்?" என்று கேட்டார். பாவாயி சட்டியை இறக்கி வைக்காமலே பதில் சொன்னாள்: "மூடி வெச்சா என்னாவும்னு எல்லாத்துக்கும் தெரியுமுங்க. மூடாம வெச்சா என்னாவும்னு இந்த ஊருல எனக்கு மட்டுந்தானுங்க தெரியும்."

நோட்டா, சிலேட்டா?

அந்த ஒல்லி மனிதர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பதினோராவது கோட்டையும் இழுத்துவிட்டு, மடித்து வைத்திருந்த எங்கள் மனுவைத் தாமே எடுத்து ஐந்தாம் வகுப்புக்கு உத்தரவு எழுதினார். வாசலில் குலவை கிளம்பியது. ஆத்தா கொடுத்துவிட்டாள் என்று செல்லம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மறுத்துப் பேசவில்லை. பாவாயியைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். பெரிய வாத்தியார் வேகமாக நடந்து போய், ஓடாத அந்தச் சட்டியைத் தம் மேஜை மேல் வைத்து, பழையபடி காவல் இருக்க ஆரம்பித்தார். அந்த வகுப்புக்கு ஊரில் கடைசி வரைக்கும் முளைப்பாரி வகுப்பு என்றுதான் பெயர்.

மறுநாள் காலையில் பழனியப்பன் ஆடுகளை ரோட்டோரம் நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். கோலைத் தரையில் ஊன்றி ஊன்றி எடுத்தார். உள்ளே பாவாயி அடுத்த கேள்வியோடு எழுந்து நிற்பதைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க அம்முணி, அஞ்சாங்கிளாசுக்குச் சிலேட்டே போதுமுங்களா, நோட்டு வாங்கோணுமுங்களா?"

முப்பது வருஷம் இந்த வேலையில் இருந்துவிட்டுச் சொல்கிறேன்: ஒரு குழந்தைக்குப் பாடப் பொருளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன் என்று எந்த வாத்தியாராவது உங்களிடம் பெருமையடித்தால், அவர் எந்தச் சட்டியைச் சுற்றிக் கும்மியடித்தார் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.